கொசுறு

ஃபாரோ தீவுகளில் பிப்ரவரி.
காற்று கார்க் கதவைப் பிடுங்கப் பார்க்கும் மாதம்.
டோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில்
ஓட்வர் கணக்குகளைக் களையெடுக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வேலை இது.
அவள் பதிவகத்தில் நூற்று நாற்பது சேவைகள்:
அலை உயரம், கடலடிச் சுரங்கத்தின் சுங்கம்,
ஏலத்தில் காட் மீன் விலை,
எந்தப் படகு எந்தத் துறையில்.
கேட்க வரும் கணக்குகள் இரண்டாயிரத்துச் சொச்சம்.
'சோதனை', 'சோதனை2', 'கடைசிச்சோதனை',
'சத்தியமாகக்கடைசி'
நான்கும் ஒரே ஆள். நான்குக்கும்
கடவுச்சொல் மறந்தவர்.

இலவசக் கணக்குக்கு நாளொன்றுக்கு ஆயிரம் அழைப்பு.
தாண்டினால் கதவு சாத்திக்கொள்ளும்.
முடிவில்லாத சுழல் ஒன்றை ஓடவிட்டு
உறங்கிப்போன மாணவன் பார்டுர் எழுதியிருக்கிறான்:
நாற்பதாயிரம் முறை தட்டியிருக்கிறேனாம்,
மன்னிக்கவும், நான் அப்போது கனவில் இருந்தேன்.
பழைய சாவியை முடக்கினாள், புதியது கொடுத்தாள்,
'படுக்குமுன் நிறுத்து' என்று ஒரு வரி.

அப்புறம்தான் கண்ணில் பட்டது
சாண்டுர்-7.
திங்கள் 1001. ஞாயிறு 1001. சனி 1001.
பின்னால் உருட்ட உருட்ட, மாதம், வருடம்,
ஆயிரத்தொன்று,
கல்யாண மொய் மாதிரி.

பூட்டு சரியில்லையா?
நிரலைத் திறந்தாள். தான் எழுதியதுதான்,
வேலையில் சேர்ந்த முதல் வாரம்.
'குறைவு' என்று இருக்க வேண்டிய இடத்தில்
'குறைவு அல்லது சமம்'.
சமம் என்கிற இரண்டு சின்னக் கோடுகளுக்கு இடையில்
தினமும் ஒருவர் குனிந்து உள்ளே வந்து போயிருக்கிறார்.

அவர்கள் மொழியில் இதற்கு என்ன சொல்லோ தெரியாது.
கீரைக்காரி கட்டி முடித்த கட்டின் மேல்
ஒரு கொத்தமல்லிக் கொத்தை எறிவாளே,
கேட்காமல், கணக்கில் சேராமல்.
அது.

'அந்தக் கடைசி அழைப்பில் என்ன கேட்கிறீர்கள்?'
முகவரியில் இருந்த பெயர் ஹானுஸ்.
சாண்டுரில் சால்மன் கூண்டுகளுக்குக் காவல்.
மாலைக்குள் பதில் வந்தது:

'ஆயிரமும் நீரோட்டத்துக்கு, மீன்களுக்காக.
ஆயிரத்தொன்றாவது, நள்ளிரவுக்குச் சற்று முன்,
இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்பேன்.
உங்கள் இயந்திரம் சொல்லும்: மீதம் கழித்தல் ஒன்று.
நான் ஒன்று கடன்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.
முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாளிலிருந்து
குறித்து வைக்கிறேன். மின்சாரம் போன இரவுகள் நீக்கி
இன்றைக்கு 3211.
யாராவது வசூலிக்க வருவீர்கள் என்று தெரியும்.
இவ்வளவு தாமதமாகும் என்றுதான் நினைக்கவில்லை.'

ஓட்வர் ஜன்னலைப் பார்த்தாள்.
நோல்சோய் தீவு மழைக்குள் போய்விட்டிருந்தது.
ஒரு எழுத்தை அழித்தால் போதும், ஆயிரம் ஆயிரமாகும்.
அழித்தாள்.
பிறகு இன்னொரு கோப்பில்
வரம்பு என்ற சொல்லுக்கு எதிரே
1000 என்பதை 1001 ஆக்கினாள்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் ரான்வா கேட்டாள்,
இதென்ன ஒற்றைப்படை எண்?
'ஆவணத்தில் பிழை இருந்தது, திருத்திவிட்டேன்.'
பொய்யில்லை.

ஹானுஸுக்கும் எழுதினாள்:
கடன் எதுவும் இல்லை, இனி ஆயிரத்தொன்றும் உங்களுடையது.

அன்றிரவு சாண்டுர்-7, ஆயிரத்தொன்று.
மீதம் பூஜ்யம்.
மறுநாள் நள்ளிரவு தாண்டி அவள் பார்க்கும்போது
ஆயிரத்தோடு நின்றிருந்தது.
அதற்கு அடுத்த நாளும்.

மீந்த அழைப்பு மறுநாளுக்குச் சேராது,
விதிகளின் நான்காம் பத்தி, அவருக்கும் தெரியும்.
அப்படியும் தினமும் ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டுப் போகிறார்.
ஓட்வர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள்:
3209.
3208.