வேதன உண்டோ

ஹம்ரியாவில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
ஏசித் தண்ணீர் பெயின்ட் டப்பாவில் சொட்டும் கிளினிக்.
ரத்தம் எடுப்பது என் வேலை.
தமிழ் பேசுவது சம்பளத்தில் சேராத வேலை.

ஜூலை வெள்ளிக்கிழமை, கடைகள் திரும்பத் திறக்கும் நேரம்
செம்புலிங்கம் வந்தார்.
சீட்டில், வந்த காரணம் என்ற இடத்தில்
"சூடு" என்று எழுதியிருந்தார்.

இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் நமக்குச் சூடு.
நாற்பத்தெட்டு டிகிரியில் மொட்டைமாடியில் நின்று
ஏசி கழற்றி மாட்டுகிறவர் சொன்னால் யார் மறுப்பது?
வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாராம். மோர். பார்லி.
கேம்ப் குளியலறையில் எண்ணெய்க் குளியல்,
வெளியே ஆறு பேர் கதவைத் தட்டத் தட்ட.
புண் தானாக ஆறியது.
வெந்தயத்துக்கு நன்றி சொல்லிவிட்டு
இருபது நாள் லீவில் ஊருக்கும் போய் வந்துவிட்டார்.

இப்போது உள்ளங்கையில் செம்புப் புள்ளிகள்.
அரிப்பு இல்லை.
"காயில் கழுவுற ஆசிட்டும்மா" என்றார்.
ஷூவைக் கழற்றச் சொன்னேன்.
உள்ளங்காலிலும் அதே புள்ளிகள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டாக்டர் லிஸி சாலக்குடிக்காரி.
"புண் வந்தப்போ வேதன உண்டோ?"
"உண்டு டாக்டர். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."
பேனா கீழே இறங்கியது.
நான் குறுக்கே விழுந்தேன்.
அவர்கள் வேதனை உடம்பில் இருப்பது.
நம்முடையது வேறெங்கோ இருப்பது.
"அண்ணே, வலிச்சுதா?"
"வலியா? வலியே இல்லியே.
வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே."

பேனா நின்றது. வேறொரு தாளை எடுத்தார் டாக்டர்.

பிறகு கேள்விகள்.
எத்தனை பேர், எப்போது.
சுவரில் பணப்பரிமாற்றக் கடைக் காலண்டரைப் பார்த்தபடி
ஒரு தடவை என்றார். அப்புறம் இரண்டு.
உறை போட்டீர்களா என்று கேட்டேன்.
"கம்பெனி கொடுக்குதே. கையுறை, ஹெல்மெட், பெல்ட்டு..."
காண்டம் என்று அந்தச் சொல்லையே சொல்ல வேண்டியதாயிற்று.
இரண்டு பேருக்கும் காது சுட்டது.
இல்லை என்று தலை மட்டும் அசைந்தது.

நல்ல நரம்பு. ஒரே குத்தில் கிடைத்தது.
"எச்.ஐ.வி.யும் பார்ப்பீங்களா?"
பார்ப்போம்.
"விசா போயிருமா?"
தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வரவில்லை எனக்கு.
புண் ஆறினாலும் கிருமி ஆறாது என்பது தெரியும்.
ஊசிக்குப் போகும் என்பதும் தெரியும்.
அதைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது.
சிபிலிஸ். மற்றதெல்லாம் இல்லை,
மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.
பழைய வைத்தியத்தில் மேகநோய் என்பார்கள், என்றேன்.
"மேகமா?" ஜன்னலைப் பார்த்தார்.
கண்ணைக் கூசும் வெள்ளை வானம்,
பொட்டு மேகம் இல்லை.

வீட்டில் அவருக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.
மொழிபெயர்க்கும் முன்பே புரிந்திருந்தது.
"சித்திரக்கனிக்கா?"
முதல்முறையாக அந்தப் பெயர் அறைக்குள் வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் மட்டும்:
"அவகிட்டயும் சூடுன்னு சொல்லிரட்டுமா?"

இதை நான் டாக்டருக்குச் சொல்லவில்லை.
கதவைத் திறந்துவிட்டேன்.
மாடிப்படியில் நின்று பேசினார்.
"ரத்தம் ஒண்ணு கொடுக்கணும் நீ... இல்ல, எனக்குத்தான் முதல்ல...
ஆமா... நாந்தான்."
அப்புறம் அவர் பக்கத்தில் பேச்சே இல்லை.
ஏசித் தண்ணீர் சொட்டுவது கேட்டது.
டப்பா நிறைந்திருந்தது, கொட்டிவிட்டு வந்தேன்.

இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஊசி.
கெட்டி மருந்து, மெதுவாகத்தான் இறங்கும்.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
"வேதன உண்டோ?"
"உண்டு."
இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

அட்டையில் அடுத்த தேதி எழுதிக் கொடுத்தேன். அக்டோபர்.
வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"அதுக்குள்ள சூடு குறைஞ்சிரும்" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
ஷூ மாட்டக் குனிந்திருந்தார்.