பெட்டிகள் முன்னே போகும்

சைக்கிளில் வருபவர்கள் சைக்கிளில் போவார்கள்.
அவர்களுடைய பெட்டிகள் என் வேனில் வரும்.
காலை எட்டரைக்கு ஒரு விடுதியில் ஏற்றினால்
பத்துமணிக்குள் அடுத்த விடுதியில் இறக்கிவிடுவேன்.
நாற்பது கிலோமீட்டர்.
எனக்கு ஒரு ரொட்டி தின்னும் நேரம்.
அவர்களுக்கு ஒரு பகல்.

அல்லியே ஆற்றுக்கு இந்தப் பக்கம்
எந்த வளைவில் வெள்ளைப் பசுக்கள் சாலையை மறிக்கும்,
எந்த ஊர் ரொட்டிக்கடைக்குத் திங்கள் விடுமுறை,
எல்லாம் அத்துப்படி.
சைக்கிளில் மட்டும் ஒருநாளும் போனதில்லை.

ஜூன் கடைசி வாரம் லில் நகரத்திலிருந்து இருவர்.
ஒபாங், மரியெட்.
பச்சைப் பெட்டி அவருடையது, பழுப்பு அவளுடையது.
பச்சையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்:
இஸ்திரி போட்ட சட்டை ஏழு,
காப்பி போடும் இயந்திரம் ஒன்று,
வழிப்படங்கள் ஒரு கட்டு.
பழுப்பை ஒரு விரலில் தூக்கலாம்.

ஞாயிறு, வெயில்.
திங்கள், மூடிய கடை வாசலில் பசியோடு இருவரும்.
செவ்வாய், மழை.
புதன் மாலை அவர் என்னிடம் வந்து
விளம்பரத்தில் இருந்த சூரியகாந்தி எங்கே என்றார்,
நான்தான் விதைக்க மறந்தவள் போல.
இன்னும் மூன்று வாரம் ஆகும் ஐயா, என்றேன்.
பச்சை இலையைப் படம் எடுத்துக்கொண்டார்.
அதற்குள் அவள்
கோயில் மணிக்கூண்டையே பார்த்து நின்றாள்.
எங்கள் ஊர் மணி ஏழென்றால் ஏழு அடிக்கும்,
இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஏழு அடிக்கும்.
ஏன் என்று கேட்டாள்.
முதல் தடவை எண்ணாதவர்களுக்காக என்றேன்.
அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள்.

வியாழன் அவருக்கு முழங்கால்.
இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு
வேனில் என் பக்கத்தில் ஏறினார்.
"நீ போ, நான் மெதுவாக" என்றார் அவளிடம்,
வேனில் உட்கார்ந்தபடி.
அவள் எப்போதோ போய்விட்டிருந்தாள்.

மொந்தினி மேட்டில் அவளைப் பிடித்தோம்.
முதலில் முதுகு தெரிந்தது,
வியர்வையில் ஒட்டிய நீலச் சட்டை.
ஜன்னல் திறந்திருந்தது.
பாடிக்கொண்டிருந்தாள்.
நல்ல குரல் என்று சொல்லமாட்டேன்.
மூச்சு வாங்கும் இடமெல்லாம் வார்த்தை அறுந்து,
அறுந்த இடத்திலிருந்தே மறுபடி பிடித்து,
அந்த ஏற்றத்தில் ஒருத்தி, உரக்க.

நான் ஹார்னில் கை வைத்தேன்.
"வேண்டாம்" என்றார்.
பிறகு, இருக்கைக்குக் கீழே எதையோ தேடுபவர்போல்
குனிந்துகொண்டார்.
நான் இரண்டாம் கியருக்கு வந்து
புல் ஓரமாக விலகி, சத்தமில்லாமல் கடந்தேன்.
அடுத்த ஊர் தண்ணீர்த் தொட்டி வரை அவர் நிமிரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
நானும் ரேடியோ போடவில்லை.

வெள்ளியும் முழங்கால் சரியாகவில்லை.
கட்டு இப்போது வலது காலில் இருந்தது.
பார்த்தேன். பார்க்காததுபோல் கதவைத் திறந்துவிட்டேன்.
அன்று அவராகவே வேறு சாலையில் போகச் சொன்னார்.
சுற்று வழி, பதினாறு கிலோமீட்டர் அதிகம்.
டீசலுக்கு அவரே காசு கொடுத்தார்.

சனிக்கிழமை ரயிலடி.
பச்சைப் பெட்டி இலேசாகிவிட்டது,
காப்பி இயந்திரத்தை விடுதிக்காரிக்கே கொடுத்துவிட்டாராம்.
பழுப்பில் என்னத்தைச் சேர்த்தாளோ,
இரண்டு கை வேண்டியிருந்தது.
அவர் பயணச்சீட்டு முத்திரை குத்தப் போயிருந்தபோது
அவள் என்னிடம் வந்தாள்.
"அந்த மேட்டில் ஹார்ன் அடிக்கவில்லை நீங்கள்.
நன்றி."
அவர்தான் வேண்டாமென்றார் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரயில் வந்துவிட்டது.

திரும்பி வந்து சைக்கிள்களைக் கழுவினேன்.
சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன்.
அவருடையதில் சேறுகூட இல்லை.
அவளுடையதன் இருக்கையில்
சும்மா ஏறிப் பார்த்தேன், கொட்டகைக்குள்ளேயே.
கால் சரியாகத் தரையைத் தொட்டது.

அடுத்த கூட்டம் நாளை பன்னிரண்டுக்கு.
அதுவரை அந்த உயரத்தை மாற்றவில்லை.