நகல் மனு

வழக்கு எண் என்ன என்றார்.
தெரியாது.
வருஷம்?
கச்சான் அடித்த வருஷம் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.
எந்த வருஷம் அடிக்காமல் இருந்தது?
பெரியவள் அப்போது பால்வாடி, சார்.
இப்போது பத்தாவது.
அவர் விரல்விட்டுக் கழித்தார்:
பதின்மூன்று, இல்லையென்றால் பதினாலு.

பாம்பனில் ஆறு மணி பஸ் பிடித்தேன்.
பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தும்
வடகடலைப் பார்க்காமல் வந்தேன்.
தண்ணி தெளிந்து கிடந்தால்
மனசு கூலியைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.
மடியில் ரேஷன் அட்டை.
குடும்பத் தலைவர்: கோட்டைமுனி.
அடுத்த வரியில் நான், நம்புக்கனி,
இன்னமும் அவன் மனைவியாக அச்சில்.
தடைக்கால நிவாரணம் தலையின் கணக்குக்குத்தான் போகும்.
தலை இருப்பது மண்டபத்தில்,
வேறொருத்தி வீட்டில்.

தீர்ப்பு நகல் கொண்டா, பேரைப் பிரிக்கிறோம்
என்றது தாலுகா ஆபீஸ்.
முதலில் தந்த நகலைப் பெட்டியில்தான் வைத்திருந்தேன்.
ஒரு கார்த்திகையில் கடல் வீட்டுக்குள் வந்து போனது.
தண்ணி வடிந்து பெட்டியைத் திறந்தால்
நீதிபதியின் கையெழுத்து
கூறைப்புடவையில் நீலமாய் ஏறியிருந்தது.
துவைத்துப் பார்த்தேன். போகவில்லை.
அதையேதான் கொண்டு வரலாமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.

ஜெராக்ஸ் கடை வாசலில்
ஸ்டூல் போட்டு மனு எழுதுகிறவர்
நகல் கேட்கக் காரணம் என்னம்மா என்றார்.
அரிசி, சீனி, மண்ணெண்ணெய்.
அப்படி எழுத முடியாது என்று
'சொந்த உபயோகத்திற்காக' என எழுதினார்.
அதுவும் பொய்யில்லை.

எண் இல்லாமல் கட்டைத் தேட முடியாது
என்று மனு திரும்பி வந்தது.
மூன்றாவது தடவை போனபோது
நகல் பிரிவில் சுகந்தவல்லி என்று ஒரு அம்மா
டிபன் டப்பாவை மூடிவிட்டு
பழைய பதிவேடு ஒன்றை இழுத்தாள்.
முன்னால் யாராவது இதே தீர்ப்பை வாங்கியிருந்தால்
இதில் எண் இருக்கும் என்றாள்.
தூசிக்கு இரண்டு பேரும் தும்மினோம்.

இது உன் வீட்டுக்காரரா பார்.

வீட்டுக்காரர் என்றுதான் சொன்னாள், அங்கேயும்.
அடுத்த வருஷம் வைகாசியில் அவன் வந்திருக்கிறான்.
காரணம்: மறுமணம்.
கடைசிக் கட்டத்தில்
நீல மையில்
கையெழுத்து.

கோர்ட்டில் அன்றைக்குப் பெருவிரலை உருட்டினவன்.
நாலு வருஷம் நான் சொல்லியும்
பென்சிலைத் தொடாதவன்.
'கோ' பெரிசாய்த் தொடங்கி
'முனி' வரியைவிட்டுக் கீழே இறங்கிக் கிடந்தது.
ஆனாலும் 'ட்'டுக்குப் புள்ளி
சரியான இடத்தில் இருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்து
அவள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
கோபப்படலாமா என்று பார்த்தேன்.
புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தொன்று, பதின்மூன்று.
குறித்துக்கொள் என்றாள் சுகந்தவல்லி.
பிரிந்த பிறகு அவன் எனக்குச் செய்த ஒரே உதவி
அந்த எண்.

ஐப்பசி பிறந்ததும் நகல் வந்தது.
வாங்கினதற்குக் கையெழுத்துப் போதும் என்றார்கள், நல்லவேளை.
பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிப் பிடுங்கி
தேய்ந்த விரல் இது.
ரேஷன் கடை மெஷினே
என்னை யாரென்று கேட்கிறது.

இரண்டு தாள்.
மனுதாரர் நான், எதிர்மனுதாரர் அவன்.
எங்களுக்குள் நடந்த திருமணம்
இன்று முதல் கலைக்கப்படுகிறது.
கலைக்கப்படுகிறது என்பதில் விரலை வைத்து
இரண்டு தரம் படித்தேன்.
கலைத்த தண்ணியில் அடி தெரியாது,
காத்திருக்க வேண்டும்.
எவ்வளவு நேரம் என்று
தாளில் எழுதியிருக்கவில்லை.

லேமினேட் போடவா அக்கா
என்றான் ஜெராக்ஸ் கடைப் பையன்.
போட்டால் தாலுகா ஆபீஸில் வாங்குவார்களோ மாட்டார்களோ.
மூன்று ஜெராக்ஸ் எடு,
அதில் ஒன்றுக்குப் போடு என்றேன்.
அசலை உள்பாவாடைப் பையில் மடித்து வைத்தேன்.
பஸ்ஸில் இடமில்லை.
பாலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.
இந்தத் தடவை எட்டிப் பார்த்தேன்.
வாடை தொடங்கிவிட்டது,
வடகடல் கலங்கித்தான் கிடந்தது.
தென்பக்கம் தெளிவு.
நாளைக்கு அங்கே இறங்கலாம்.