பன்னிரண்டு புள்ளி மூன்று

ஓல்டனில் நவம்பர் என்றால் பனிமூட்டம்.
ஆரெ ஆறு எங்கே போகிறதென்று
காதால்தான் பார்க்க வேண்டும்.
அப்படியொரு நாள், விடிய நாலரைக்கு,
காரின் ஊதல் நின்றது.

குமிழை ஒன்றில் வைத்தேன். இல்லை.
இரண்டு. மூன்று.
நாலில்கூட இல்லை.
கண்ணாடி உள்ளிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது.
என் மூச்சே எனக்கு வழிமறித்தது.
கைத்துண்டால் துடைத்துத் துடைத்து
தோசை அளவு ஓட்டை ஒன்றின் வழியே
பேக்கரிவரை ஓட்டிப் போனேன்.

கராஜ்காரரின் பெயர் அம்மான்.
சுவிஸ்காரர்தான், முறைக்கு யாருமில்லை;
முறையாயிருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பார்.
கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்:
"மோட்டார். அறுநூற்று எண்பது பிராங்க்.
பதினேழு வயசுக் காருக்கு இது தேவையா?"
பாசலில் இருந்து மச்சானும் போனில் அதையே சொன்னார்.
ஏ.சி. காஸ் இறங்கியிருக்கும் என்றான்
மாப்பிசைகிற டிராகன்.
ஒருவரும் பார்க்கவில்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு. நிலத்தடிப் பார்க்கிங், இடம் முப்பத்தொன்று.
இந்தக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை
போத்தல்கூடச் சத்தமாய் உடையக் கூடாது.
மகள் லக்சிகா டார்ச் பிடித்தாள்.
அவள் பார்க்கிற இடத்துக்கெல்லாம் வெளிச்சம் போனது,
நான் பார்க்கிற இடத்துக்கு மட்டும் வரவில்லை.

முதலில் பியூஸ். செம்மஞ்சள், நாற்பது அம்பியர்.
கருகல் இல்லை, உள்ளே கம்பி முழுசு.
பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தேன்,
கால்கள் சீட்டின் மேல்,
பிறக்கும் நேரத்தில் திரும்ப மறுத்த பிள்ளை மாதிரி.
விசிறியை விரலால் தள்ளினேன்.
இலகுவாய்ச் சுற்றியது. இலை இல்லை, எலிக்கூடு இல்லை.
ப்ளக்கைக் கழற்றி
மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் அதன் வாயில் வைத்து
"நாலில் விடு" என்றேன்.
"அம்மா, வெடிக்குமோ?"
"விடு."

பன்னிரண்டு புள்ளி மூன்று.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
பற்றரி கொடுத்ததை
பியூஸ் வாங்கி, சுவிட்ச் வாங்கி,
கைமாறிக் கைமாறி
வாசல்வரை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.
உள்ளே இருக்கிறவர்தான் கதவைத் திறக்கவில்லை.

ப்ளக்கைத் திரும்பப் பூட்டினேன்.
திருப்புளியின் பிடியால் மோட்டாரின் முதுகில்
ஒன்று போட்டேன், மெதுவாய்த்தான்.
பார்க்கிங் முழுக்க அது மூன்று முறை கேட்டது.
இன்னொன்று.
மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
ஹூர்ட்சலர் அம்மையார், வீட்டுச் சட்டையோடு:
"இன்று ஞாயிறு."
"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு
மூன்றாவதையும் போட்டேன்.

ஊதியது!
வருசக்கணக்கான தூசு லக்சிகாவின் முகத்தில் அடிக்க
அவள் தும்மித் தும்மிச் சிரித்தாள்.
அம்மையார் முறைப்பாடு சொல்ல வந்த வாயோடு
குனிந்து பார்த்தார். "என்ன செய்தீர்கள்?"
"அடித்தேன்."
தலையாட்டினார். ஏதோ யோசித்தபடி மேலே போனார்.

அது நாலு நாள் நின்றது, தினமும் ஒரு அடிக்கு.
ஐந்தாம் நாள் கழற்றிப் பிரித்தேன்.
இரண்டு கரித்துண்டுகள். ஒன்று நன்றாயிருந்தது.
மற்றது உளுந்தளவாய்த் தேய்ந்து
செப்பைத் தொட ஒரு மயிரிழை எட்டாமல் நின்றது.
இதற்குத்தான் இவ்வளவும்.

அம்மான் சொன்னது சரி.
ஆனால் அவர் சொன்னபோது
அது சரியாயிருக்கவில்லை.

ட்ரிம்பாக்கில், பழைய கார் உடைக்கிற இடத்தில்,
முன்பக்கம் நசுங்கிய ஒன்றிலிருந்து
அதே மோட்டாரை நானே கழற்றினேன். நாற்பத்தைந்து பிராங்க்.
எங்கள் காரில் பூட்டி, நாலில் விட்டேன்.
பழையதைவிட ஒரு சுருதி கூட.
முதல் காற்றில் நனைந்த நாயின் மணம்,
கொஞ்சம் சுருட்டு,
யாரோ குடும்பமாய்ப் போன ஏதோ மலைப்பாதை.

லக்சிகா மூக்கைப் பொத்தினாள்.
கண்ணாடி கீழிருந்து தெளியத் தொடங்கியது,
முதலில் துடைப்பான், பிறகு சுவர்,
பிறகு சுவரில் எங்கள் எண்.