கேத்தலில் இருந்தது

கோத்தகிரிப் பங்கு அலுவலகம்.
மேசைக்கு அந்தப் பக்கம் இன்னாசிமுத்து,
டேன்டீயில் கவாத்து வெட்டுகிறவன், வயது முப்பத்தெட்டு.
தை பிறந்தால் கல்யாணம். பெண் அரவேணு.
"ஞானஸ்நானச் சீட்டு?" என்றேன்.
கையை விரித்தான்.

பிறந்தது கடலுக்கு அப்பால், அட்டன் பக்கம் ஒரு லயத்தில்.
கப்பலேறி வந்தவை
ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடும்ப அட்டை,
அவனைப் பிடித்திருந்த அக்காவின் கை.
அங்கே எழுதிக் கேட்டோம்.
நான்கு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை:
பதிவேடு எரிந்துவிட்டது, மன்னிக்கவும்.

பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன்.
பெயர், தேதி, ஞானத்தாய், ஞானத்தகப்பன்,
மூடுபனியில் ஊறிய தாளில் மை பரவுவதற்குள்
ஒத்துத்தாளை அழுத்திவிடுவேன்.
காணாத அருளுக்குக் காணக்கூடிய அடையாளம்
என்று மறைக்கல்வியில் ஒப்பித்தவள்தான்.
காணக்கூடியதன் கணக்குப்பிள்ளை நான்.
மற்றதற்குப் பத்தி கிடையாது.

அக்கா வந்தாள். மரியபுஷ்பம்.
உச்சந்தலையில் கூடைக்கயிறு பதித்த பள்ளம்,
கொழுந்து பறிப்பதை விட்டு எட்டு வருடமாகியும் அப்படியே.

"ராத்திரி பெத்தாங்க சாமி. புள்ள அழல.
நீலமா கெடந்தான்.
மருத்துவச்சி முத்துராக்கு இருந்தா,
அவ மாரியாத்தாவக் கும்புடுறவ.
எனக்கு ஒம்பது வயசு. செபம் தெரியும்.
நான் சொல்லச் சொல்ல அவ சொன்னா,
சொல்லிக்கிட்டே ஊத்துனா."

செல்லும், என்றார் சாமியார்.
ஆபத்தில் யார் ஊற்றினாலும் செல்லும்.
திருச்சபை நினைப்பதை அவளும் நினைத்திருந்தால் போதும்.
முத்துராக்கு என்ன நினைத்தாள்?
பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்தாள்.
போதும், என்றார் மறுபடியும்.
மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கேட்டார்:
"எதை ஊற்றினாள்?"

"கேத்தல்ல இருந்தத."

"தண்ணீரா?"

"தேத்தண்ணிக்கு வச்சது சாமி.
அம்மாவுக்குன்னு வச்சது.
தூள் போட்டனா, போடறதுக்குள்ள வலி வந்திச்சா…
அது மட்டும் நெனப்பு வரல."

"நிறம்?"

"குப்பி வெளக்கு வெளிச்சம்.
எல்லாம் ஒரே நெறந்தான்."

வெளியே ஒரு லாரி பச்சை இலை ஏற்றிக்கொண்டு
முக்கித் திரும்பியது.
தண்ணீர் வேண்டும், மெய்யான தண்ணீர்,
பாலாகாது, எண்ணெயாகாது,
தேநீர் என்றால் ஐயம் என்று
ரோமாபுரியில் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள்.
அவர்களுக்கு என்ன தெரியும்,
அவள் பேச்சில் அந்தச் சொல்லுக்குள்ளேயே
தண்ணி இருக்கிறதே.

எங்கள் அம்மா காலத்துப் புத்தகத்தில்
திருவருட்சாதனத்துக்கு வேறு பெயர்:
தேவதிரவிய அனுமானம்.
சின்ன வயதில் சிரிப்பு வரும்.
பள்ளிக்கூடத்தில் அனுமானம் என்றால் ஊகம்.
அன்று மாலை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை பெற்றதை மறுமுறை கொடுக்க முடியாது.
அழியா முத்திரை அது.
பெறாதவனைப் பெற்றவன் என்று எழுதவும் முடியாது.
இரண்டுக்கும் நடுவே
திருச்சபை ஒரு விகுதியை வைத்திருக்கிறது.

புதன்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் நால்வர்.
கவாத்துக் கத்தி வாங்கிய தழும்புகளோடு கைகட்டி
இன்னாசிமுத்து தொட்டிமேல் குனிந்தான்.
"நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்,"
என்று தொடங்கினார் சாமியார்.
அந்த 'ஆல்' நெற்றிக்கு மேலே
ஒரு கணம் நின்றது.

"பெத்திருக்கான்," என்றாள் அக்கா,
மெல்ல, யாருக்கோ.

தண்ணீர் விழுந்தது,
தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்.
மார்கழிக் குளிரில் அவன் தோள் சிலிர்த்து ஒடுங்கியது.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்: நிபந்தனையுடன்.
பிறந்த தேதிக்குக் கீழே இன்றைய தேதி.
அந்த ராத்திரிக்கு இடமில்லை.
மரியபுஷ்பம் தொட்டியில் ஒரு விரலை விட்டுப் பார்த்து
சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஐஸு மாதிரி இருக்கு சாமி.
அன்னைக்கு நாங்க
பதமாத்தான் ஊத்துனோம்."