இருபத்தைந்து விநாடி

மின்வெட்டு ஒன்பதரை வரைக்கும் என்றார்கள்.
முக்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.
அதன் திருகுகளில் இன்னும்
ஓமான் மண் நெறுநெறுக்கிறது.

வெள்ளவத்தையில்
இரண்டு பிளட்ஸ் சுவர்களுக்கு நடுவே
ஒரு முழ அகலத்தில் வானம்.
அங்கேயும் இவ்வளவுதான்.

வெயிலுக்குப் பயந்து ஆருமே வராத மாதம்.
பகலெல்லாம் லொறிக்கடியில் கிடந்துவிட்டு
இருட்டினபிறகு நானும் குகதாசும்
மலைப்பிளவுக்குள் இறங்குவோம்.
பாறை, இறக்கிவைத்த தாச்சிபோல
சூடு விட்டுக்கொண்டிருக்கும்.
"டோர்ச்சை நூர்" என்பான்.
நூர்த்தவுடன் வெள்ளிகள் வந்துவிடா.
கண் பழகப் பழக
கடன்காரர் மாதிரி
ஒன்று, பிறகு இன்னொன்று,
பிறகு வாசல் நிறைய.

இங்கே உப்புக்காற்று லென்ஸை நக்குகிறது.
மழைமேகம் கொஞ்சம் விலகித் தந்த இடத்தில்
கமராவைத் திறந்துவிட்டு எண்ணுகிறேன்.
ஆறில்
எதிர்மாடி பெர்னடெட் மெழுகுதிரியோடு
குசினியிலிருந்து அறைக்குப் போகிறார்;
படத்தில் அவர் இருக்கமாட்டார்,
ஒரு மஞ்சள் கோடு இருக்கும்.
பதினொன்றில் கடற்கரை றெயில்.
முக்காலியின் ஒரு கால் நடுங்கியது, பிடிக்கவில்லை.
பத்தொன்பதில்
கரண்ட் வந்தது.
ஒழுங்கை முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம்,
ஆரோ வீட்டு மிக்சி
விட்ட இடத்திலிருந்து அரைக்கத் தொடங்கியது.

திரையில் வெள்ளை.
கோடுமில்லை, வெள்ளியுமில்லை,
சுவர் இருந்த இடம்கூட இல்லை.
அழிக்காமல்
அப்படியே குகதாசுக்கு அனுப்பினேன்.
அவன் இன்னும் அங்கேதான்.

நித்திரையில்லாமல் கிடந்திருக்கவேண்டும்,
உடனே பதில்:

"இந்த மாதத்திலை
பகலிலை ஏன்டா இறங்கினனி?"