ஆமை புகுந்த மணல்

ஷேர் ஆட்டோவில் நான்
இரண்டு பேர் கணக்கு.
திருப்பாப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு
ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.
கேட்பதற்கு முன்பே முப்பதை நீட்டிவிடுவேன்.

ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது அஞ்சலாட்சி
டேப்பை என் முதுகுக்குப் பின்னால்
கை மாற்றிப் பிடித்து
எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்வாள்.
அந்த நல்ல மனசுதான்
அதிகம் குத்தும்.

பள்ளியில் எனக்குப் பெயர் ஆமை.
வாழப்போன வீட்டில் மாமியார்
அமீனாவை விட்டுவிட்டு
பழமொழியின் முதல் பாதியை மட்டும் சொல்வார்,
அரிசி களைந்தபடி
குழாயிடம் சொல்வதுபோல.

ஆகவே,
'ஆமை பார்க்க இரவு நடை, விருப்பமுள்ளோர் பெயர் தரவும்' என்று
கருவூல அலுவலக வாட்ஸப்பில் வந்தபோது
முதல் பெயராக என்னை எழுதியது
ஆர்வத்தால் அல்ல.
பழைய வழக்கு ஒன்று பாக்கி இருந்தது.

தாழங்குடா. மாசிப் பனி. இரவு ஒரு மணி.
பெண்ணையாறு கடலில் கலக்கும் பக்கமிருந்து
சேற்று வாசம்.
காவலர் கலியபெருமாள் டார்ச்சின் வாயில்
சிவப்புத் தாள் கட்டியிருந்தார்.
வெள்ளை வெளிச்சம் கூடாது, பேச்சு கூடாது.
இருட்டில் நடந்த ஒன்பது பேரில்
யார் அகலம், யார் ஒல்லி
எவருக்கும் தெரியவில்லை.
மூச்சு மட்டும் தெரிந்தது.
என் மூச்சு பெரிய சத்தம்.
அலை அதைவிடப் பெரிய சத்தம்.

ஈர மணல் என் காலை ஆழமாக வாங்கிக்கொண்டது.
திரும்பிப் பார்த்தால்
என் சுவடொன்றில் இறங்கி
ஒரு குட்டி நண்டு சுற்றிப் பார்த்தது,
வாடகைக்கு வரலாமா என்பதுபோல.

இரண்டு மணிக்கு அவள் ஏறினாள்.
இழுத்து, நின்று, இழுத்து.
முதுகெல்லாம் கொட்டலசு.
ஓட்டின் விளிம்பில் ஏதோ விசைப்படகு கடித்த பள்ளம்.
நாலு அடிக்கு ஒரு தடவை
அப்படியே கிடந்துவிட்டாள்.
ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை.
பின்கால்களால் கிண்ணம் கிண்ணமாக மணல் அள்ளி
குழி பறித்தாள்.
நூற்றுப் பதினேழு முட்டை
என்று பிறகு எண்ணிச் சொன்னார்கள்.

நான் கேள்விப்பட்டிராதது அதற்கப்புறம்தான் நடந்தது.
மூடிய குழிமேல் ஏறி
மொத்த உடம்பையும்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
தூக்கித் தூக்கிப் போட்டாள்.
தொப்.
தொப்.
அது என் உள்ளங்காலுக்குக் கேட்டது.

"மண்ண இறுக்குது" என்றார் கலியபெருமாள், காதோரமாக.
"எடை இல்லன்னா இந்த வேல ஆவாது மேடம்,
நாய் மோந்து தோண்டிரும்."
"நாப்பது கிலோ இருக்குமாண்ணே?" இது ரெஹானா, கல்லூரிப் பெண்.
"இருக்கும்."

"என்னில் பாதிகூட இல்லையே.
நான் எண்பத்தெட்டு."

யார் சொன்னது என்று நானே ஒரு கணம் தேடினேன்.
இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு நானும்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.
எனக்கு அதுதான் பிடித்தது.
எனக்கொரு பாடம் சொல்ல
அவள் கடலை விட்டு வரவில்லை.
வந்த வேலை முடிந்தது, போனாள்.
முதல் அலை மேலே புரண்டதும்
அத்தனை பாரத்தையும்
எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன்.
முழங்கால். தொடை. இடுப்பு.
"மேடம், போதும்" என்றார் கலியபெருமாள்.
இன்னும் ஓர் அலைக்கு நின்றேன்.
தண்ணீர் என்னைச் சுற்றி வந்து சேர்ந்தது.
எங்கும் அது கை மாற்றவில்லை.

காலை ஒன்பது, ஷேர் ஆட்டோ.
காதுக்குள் இன்னும் மணல்.
பதினைந்து ரூபாய் நீட்டினேன்.
ஓட்டுநர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இன்னொரு ஆளுக்கு?"
"எங்கே அந்த ஆள்?" என்றேன்,
உண்மையாகவே தேடுகிறவள்போல
பின்னால் திரும்பி.

வண்டி கிளம்பியது.
எல்லோரும் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான்
உட்கார்ந்திருந்தோம்.